மஞ்சள் முக்கோணம்

உட்காருங்கள் மீரான் பாய். நிற்காதீர்கள், இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் கறுப்புத் திரையில் எண் ஓடுகிறது பாருங்கள், முப்பத்தொன்று. அது நூறைத் தொட்டதும் கழற்றி மூடி, ஆட்டோ வரைக்கும் நானே தூக்கி வருகிறேன். கம்ப்யூட்டர் எப்போதோ தயார். இப்போது ஓடுவது நான் கூடச் சேர்த்துச் சும்மா தருகிற இரண்டாவது டிஸ்க். பழசுதான், ஆனால் ஒரு குறை கிடையாது. உங்கள் ஜெராக்ஸ் கடைக்கு ஆட்கள் கொண்டுவருகிற பத்திரம், பயோடேட்டா எல்லாம் போட்டு வைக்கலாம்.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்கள். அழிப்பதில் இரண்டு விதம் இருக்கிறது பாய். ஒன்று, ஒரு நிமிஷத்தில் முடிவது. வீட்டு வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுகிற மாதிரி. உள்ளே ஆள் அப்படியே இருப்பான், தேடினால் கிடைப்பான். இன்னொன்று, ஒவ்வொரு இடமாகப் போய்ப் பூஜ்யம் எழுதிவிட்டு வருவது. நான் எப்போதும் இரண்டாவதுதான். மஸ்கட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

டீ குடியுங்கள். பால் கிடையாது, அங்கே பழகிய பழக்கம். வீட்டில் நான் ஒருவன்தான். என் மனைவி இன்னும் அங்கேதான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், இரண்டு வருஷம் பாக்கி. கீழ்வீடு காலி. அது தம்பி இருந்த வீடு. சொல்கிறேன்.

டிரைவர் பிரச்சினை உண்டா என்று போனில் மூன்று தடவை கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்றினவர்கள் எல்லோரும் அடிபட்டவர்கள்தான். படம் வரும், சத்தம் வராது. சத்தம் வந்தால் பிரிண்டர் படுத்துவிடும். ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸுக்கு அறிமுகம் செய்து வைக்கிற சின்ன புரோகிராம்தான் டிரைவர். பாகம் பழசு, விண்டோஸ் புதுசு என்றால் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. பட்டியலைத் திறந்தால் அந்தப் பாகத்தின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் விழுந்திருக்கும். இதில் ஒன்றுகூடக் கிடையாது. முடிந்ததும் திறந்து காட்டுகிறேன், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பதின்மூன்று பாகம், பதின்மூன்றும் சுத்தம்.

முதலில் பதினான்கு இருந்தது.

கம்ப்யூட்டர் என்னுடையது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது வந்து கேட்டால் நீங்கள் குழம்பக்கூடாது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கியது. தம்பி ஆசீருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் தவணை கொடுத்திருந்தார். அப்போது வாங்கியது.

ஆசீரை உங்களுக்குத் தெரிந்திருக்கும் பாய். ஆளைத் தெரியாது, குரலைத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். 'அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது' என்று மைக்கில் கேட்டிருப்பீர்களே. பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். யாரிடம் சொன்னாலும் இந்தச் சிரிப்புத்தான். பாளையங்கோட்டையில் பாதிப் பேர் அந்தக் குரல் கேட்டு ஓடிப் பஸ் பிடித்தவர்கள். சர்ச்சில் வேதபாடம் வாசிப்பதும் அவன்தான். சிறு வயதிலிருந்தே அப்படி. மூத்தவன் நான் இருக்க, வாசிக்க அப்பா அவனைத்தான் எழுப்பி விடுவார். எனக்குத் தொண்டை கட்டினாற்போல ஒரு குரல், நீங்களே கேட்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்கட்டும். ஒரே ஒரு தடவை, எனக்குப் பதினான்கு வயதிருக்கும், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அப்பா கடைசி நிமிஷத்தில் அவனைக் கைகாட்டினார். அவன் பார்த்து வாசித்தான். நான் பார்க்காமலே சொல்லியிருப்பேன். அது போகட்டும், முப்பத்தைந்து வருஷக் கதை.

எங்கள் சபையில் பொன்ராஜ் சார் என்று ஒருவர், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தினவர். அவர் செய்து கொடுத்ததுதான் இந்தப் பெட்டி, மேஜை மேல் கிடக்கிறதே, இதுதான். நாற்பத்தெட்டுப் பொத்தான். இரண்டு மூன்றைச் சேர்த்து அமுக்கினால் வேறு வேறு வார்த்தை, எல்லாமாக அறுநூறுக்கு மேல் இருக்கும். ஆசீர் அந்த மூன்று வாரமும் ஜன்னலை அடைத்து, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசிக் கம்ப்யூட்டரில் பதிந்தான். தண்ணி. பசிக்கி. கதவைச் சாத்து. பீயூலா, அதாவது அவன் பெண்டாட்டி. ஹெப்சி, அதாவது மகள். அண்ணே. ஆபரேஷன் முடிந்து வந்தபோது கழுத்தில் ஒரு துளை, மூச்சு அது வழியாக. வாயைத் திறந்தால் காற்றுகூட வராது. ஆனால் பொத்தானை அமுக்கினால் அவன் குரல், முப்பத்தி நாலு வயதுக் குரல், அப்படியே வரும். புதுக் குரல் இனிமேல் கிடையாது என்று தெரிந்தே பதிந்தது.

கடைசிப் பொத்தான் தனி. எங்கள் கல்யாணங்களில் ஒரு முறை உண்டு பாய். பீடத்துக்கு முன்னால் போதகர் கேட்பார், இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று. பெண்ணின் அப்பா எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லிக் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஹெப்சிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுக்கு என்றைக்கோ நடக்கப்போகிற கல்யாணத்துக்காக அந்தப் பதிலை ஆசீர் கடைசி நாளில் பதிந்து வைத்தான். அந்தப் பொத்தானில் மட்டும் காகிதம் ஒட்டவில்லை. ஹெப்சி நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். யாரும் அமுக்கக்கூடாது என்று வீட்டில் சட்டம்.

நாற்பத்திநாலு. நல்ல வேகம்தான்.

போன வருஷம் மே மாதம் நான் வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். மாடியில் நான், கீழே அவர்கள். வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் கிடக்கிற கிடை. ஸ்விட்ச் போட்டால் எழுந்து உட்கார பதினோரு நிமிஷம். எக்ஸ்பி என்கிற பழைய விண்டோஸ். அதை உலகமே கைவிட்டு எத்தனையோ வருஷமாயிற்று. ஒரு இணையப் பக்கம் திறக்காது, ஒரு வீடியோ ஓடாது. அதைப் பேசுகிற பெட்டியாக மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பீயூலா முதல் வேலையாக அதைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள். பதினோரு நிமிஷம் கழித்து, ஆசீர் குரலில் 'காப்பி'.

அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருப்பது என்னவென்று வெளி ஆட்களுக்குத் தெரியாது. மனிதன் பேசினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். இது மாறாது. 'அண்ணே' என்றால் என்றைக்கும் ஒரே 'அண்ணே'. நான் கோபமாக இருந்தாலும் அதே, செத்துக் கிடந்தாலும் அதே. அப்புறம் அவன் விளையாட்டு வேறு. பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு ஒன்றைப் பதிந்து வைத்திருந்தான். சர்ச்சுக்குக் கிளம்ப பீயூலா நேரமாக்கினால், 'பாபநாசம் செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது' என்று அமுக்குவான். சரி, அது பெண்டாட்டியோடு. நான் ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்லிக்கொண்டிருப்பேன். அங்கே கப்பல் கம்பெனியில் எப்படி, இங்கே ஏன் இப்படி என்று நாலு பேர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஆசீர் கை நீளும். 'வண்டி புறப்படத் தயாராக உள்ளது.' எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஹெப்சியை நிச்சயம் செய்ய வந்தவர்கள் முன்னாலும் அப்படிச் செய்தான். சம்பந்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தம்பிதானே, நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்தை மஸ்கட்டில் இருக்கிறவர்களுக்கும் நேரடியாகக் காட்ட வேண்டும், முன்னாலும் பின்னாலும் வீடியோவில் பேச வேண்டும், அதற்குக் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். என் செலவில். ஆசீர் இரண்டு பொத்தானை அமுக்கினான்.

"அண்ணே." ஒரு இடைவெளி. "வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்று விளக்கம் கேட்டேன். மறுபடி அதே இரண்டு பொத்தான். மூன்றாவது தடவையும் அதே. ஒரு மனிதன் மூன்று தடவை மறுத்தால் மூன்றாவது தடவை கொஞ்சமாவது தயக்கம் இருக்கும். இதில் ஏது. படித்தவனிடம், அதே வேலையில் தலை நரைத்தவனிடம், நாய்க்குச் சொல்வது மாதிரி வேண்டாம்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் அவர்கள் மூன்று பேரும் நாசரேத்துப் பக்கம் பத்திரிகை கொடுக்கப் போனார்கள். இரண்டு நாள். சாவி என்னிடம். வந்ததும் கண்டு சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

இதைக் கவனமாகக் கேளுங்கள் பாய், உங்களுக்கும் உதவும். என் முறை இது. முதலில் தாளை எடுத்து இருக்கிற பாகம் ஒவ்வொன்றையும் எழுதுவேன், பெயர், எண், எந்தப் பின்னில் சொருகியிருக்கிறது என்பது வரை. பிறகு ஒவ்வொன்றுக்கும் புது டிரைவரைத் தேடிப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் கை வைப்பது. பழைய டிஸ்கின் மேலேயே ஏற்றுகிறவன் முட்டாள். பழையதைக் கழற்றி, சுற்றி, பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, புது டிஸ்கில் ஏற்ற வேண்டும். ஏதாவது தவறினால் பழையதை மாட்டிப் பத்து நிமிஷத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதைத்தான் செய்தேன். எட்டு மணி நேர வேலை. பதின்மூன்று வரியும் ஒவ்வொன்றாக ஏறியது. இருபத்தொன்பது விநாடியில் திறந்தது பாய், பதினோரு நிமிஷம் போய் இருபத்தொன்பது விநாடி.

பதினான்காவது வரி இந்தப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். பொன்ராஜ் சார் எக்ஸ்பிக்கு மட்டும் கையால் எழுதின டிரைவர், அவரும் இறந்து ஆறு வருஷம். உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது. எனக்கு முன்னமே தெரியும், தாளில் எழுதும்போதே அந்த வரிக்கு நேராக ஒரு கோடு போட்டிருந்தேன். பட்டியலில் அதை வைத்து 'நீக்கு' கொடுத்தேன். முக்கோணம் போய்விட்டது. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா.

அவர்கள் வந்தார்கள். ஆசீர் பையை இறக்கி வைத்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்தான். திரை மின்னின வேகத்தைப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு பொத்தானை அமுக்கினான். அடுத்து இன்னொன்று. அப்புறம் பத்து விரலாலும் அமுக்கினான். சிவப்புப் பொட்டு வைத்ததை மட்டும் தொடவில்லை. பீயூலா தலையில் வைத்திருந்த பூவைக்கூட எடுக்கவில்லை, அப்படியே நின்றாள்.

"அத்தான், என்ன செஞ்சிய?"

விளக்கினேன். உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினேன். அவள் பாதியில் குறுக்கிட்டாள்.

"பழசு எங்க? அதை எடுத்து மாட்டுங்க."

எடுத்து மாட்டுங்க. வேலைக்காரனிடம் சொல்கிற மாதிரி. எட்டு மணி நேரம் குனிந்து கிடந்த முதுகு எனக்கு. ஒரு நன்றி இல்லை.

ஐம்பத்தெட்டு. இன்னொரு டீ? சரி.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். பழையது பத்திரமாக இருக்கிறது என்பதை அதை உபயோகிக்கிற ஆளிடம் சொல்லவே கூடாது. சொன்னால் அவன் புதியதைக் கற்றுக்கொள்ளவே மாட்டான், நாளைக்குப் பத்துத் தடவை வந்து பழையதைக் கொடு என்று நிற்பான். மஸ்கட்டில் முந்நூறு பேருக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான், அழிந்துவிட்டது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எட்டாம் நாள் புதியதில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். முந்நூறு பேர் பாய், ஒருவர்கூடத் தவறவில்லை. அந்தப் பழக்கத்தில் பீயூலாவிடமும் சொன்னேன். அழிந்துவிட்டது, இனி பழசைப் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று.

ஆசீர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அழுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வராது இல்லையா, கழுத்துத் துளை மட்டும் விசில் அடித்தது.

விட்டுவிடவில்லை நான். மறுநாளே அவன் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தேன். எழுதினால் பேசும், அறுநூறு வார்த்தை என்ன, ஆறு லட்சம் வார்த்தை பேசும். தமிழில் அப்போது பெண் குரல்தான் இருந்தது. அதனால் என்ன, விஷயம் போய்ச் சேர்கிறதா இல்லையா. சாப்பிடும்போது ஆசீர் ஏதோ எழுதினான். அந்தப் பெண் குரல், டெலிபோன் கம்பெனியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, 'சோறு போதும் பீயூலா' என்றது. நான் சிரித்துவிட்டேன். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவனே எத்தனை தடவை என்னை வைத்து ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறான். ஹெப்சி தட்டோடு எழுந்து போய்விட்டாள். ஆசீர் அதற்குப் பிறகு அந்தச் செயலியைத் தொடவில்லை. ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவதோடு சரி.

எட்டாம் நாளும் வந்தது. ஒன்பதாம் நாளும் வந்தது. மாறவில்லை. அது அவன் பிடிவாதம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், அவர்கள் தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போயிருந்தார்கள். நான் பீரோவைத் திறந்து பழைய டிஸ்கை எடுத்து என் லேப்டாப்பில் மாட்டினேன். கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன், ஆண்டவர் அறிய. இருந்தாலும் கொடுப்பதற்கு முன்னால் அதில் இருப்பது கல்யாணத்துக்குத் தேறுமா என்று பார்க்க வேண்டாமா. நாற்பத்தெட்டாவது கோப்பை, அந்தச் சிவப்புப் பொட்டுப் பொத்தானுடையதை, திறந்து கேட்டேன். பதின்மூன்று வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் நான்தான். முதலில் ஒரு இருமல். தூரத்தில் ஒரு சேவல், போர்வைக்குள் இருந்தும் விழுந்திருக்கிறது. பிறகு அவன் குரல்: "என் கண்ணு ஹெப்சிபாவை நான் கொடுக்கேன். அவளை வையாதீங்க."

இப்படி. சர்ச்சில் சொல்கிற பேச்சா இது? முறைப்படி நான் கொடுக்கிறேன் என்று சொன்னால் முடிந்தது. கண்ணாம், வையாதீங்களாம். இருமல் வேறு, சேவல் வேறு. எழுநூறு பேர் முன்னால் ஒலிபெருக்கியில் சேவல் கூவினால் என்ன ஆகும்? மஸ்கட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன். தேறாது. திரும்ப உறையில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டேன். அது மட்டும் காரணம் இல்லை. அழிந்துவிட்டது என்று சொல்லியாயிற்று. இப்போது எடுத்துக் கொடுத்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அவர்கள் வந்து நயமாகக் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். அத்தான், எதாவது வழி இருக்கா, கொஞ்சம் பாருங்க என்று பீயூலா ஒரு வார்த்தை. கேட்கவில்லை.

எழுபத்திரண்டு.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. நேரடி ஒளிபரப்பு ஒரு தடவைகூட நிற்கவில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், இதே கம்ப்யூட்டர்தான். போதகர் கேட்டார், இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று. ஆசீர் புதுச் சட்டையில் நின்றான், கழுத்துத் துளையை மறைத்து ஒரு கைக்குட்டை கட்டியிருந்தார்கள். வாயைத் திறந்தான். போதகருக்கு விஷயம் தெரியும், தலையசைத்தால் போதும் என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆசீர் தலையசைக்கவும் இல்லை. வாயைத் திறந்தபடி அப்படியே நின்றான், உதடு அசைகிறது, கைக்குட்டை மட்டும் உள்ளே போய் வெளியே வருகிறது. எழுநூறு பேர் மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தில் மூத்தவன் அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா?

எழுந்தேன். சொன்னேன்.

எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். தொண்டை கட்டவில்லை பாய், ஒரு பிசிர் இல்லை. முறைப்படி சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன், ஆனால் நாலைந்து தடவை கேட்டிருந்தேன் இல்லையா, வாயில் வந்தது அதுதான். "என் கண்ணு ஹெப்சிபாவை நான் கொடுக்கேன். அவளை வையாதீங்க." சர்ச்சே ஒரு தடவை விம்மிற்று. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வந்ததும் எத்தனை பேர் கையைப் பிடித்துச் சொன்னார்கள் தெரியுமா, அப்படியே ஆசீர் குரல் உங்களுக்கு, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று. அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

ஆசீர் திரும்பி என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. நெகிழ்ந்துபோய்விட்டான் என்று நினைத்தேன். தம்பி வாயால் சொல்ல முடியாததை அண்ணன் சொன்னால் நெகிழ மாட்டானா.

மூன்றாம் நாள் மாடிக்கு வந்தான். படியேறினதில் துளை விசில் அடித்தது. நோட்டை நீட்டினான். ஒரே வரி. 'அண்ணே, நிஜமாவே அழிஞ்சிட்டா?'

இந்தக் கேள்வியை அதுவரை கேட்காதவன் கல்யாணம் முடிந்த பிறகு ஏன் வந்து கேட்கிறான்? எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. பெட்டி தேவைப்பட்ட நாள் முடிந்துவிட்டது. இனிமேல் எதற்கு, தண்ணி என்றும் காப்பி என்றும் சொல்லத்தானே? நான் அவன் கண்ணைப் பார்த்தே சொன்னேன், ஆமா என்று. அவன் நின்றான். நோட்டில் ஒரு எழுத்துப் போட்டான், அடித்தான், இன்னொன்று போட்டான். பிறகு நோட்டை மூடிக்கொண்டு இறங்கிப் போனான். பீரோ இந்த அறையில்தான் இருந்தது, அவன் நின்ற இடத்துக்கு ஒரு முழம் பின்னால்.

அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் இருக்கிற கோவில்பட்டிக்கே போய்விட்டார்கள். பிறந்த வீடு பாய், அவன் பங்கும் இருக்கிறது, பூட்டிப் போட்டுவிட்டுப் போகிறான். போகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதிக் காட்டவில்லை. இந்தக் கம்ப்யூட்டரை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், மேலே இந்தப் பெட்டி. அனாதைப் பிள்ளையை வைத்துவிட்டுப் போகிற மாதிரி. நான் செய்த உபகாரத்துக்கு இது பதில். எட்டு மாதமாயிற்று. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டைகூட இல்லை. போன வாரம் ஹெப்சி போன் செய்தாள், என்னவென்று எடுத்தால், "பெரியப்பா, உங்ககிட்ட இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். அப்பா குரலைக் கொடுத்துருங்க, வேற எதுவும் வேண்டாம்" என்றாள். உங்ககிட்ட இருக்கு என்று எப்படித் தெரியுமாம்? என்னைப் பொய்யன் என்கிறாள், என் கையால் பிடித்துக் கொடுத்த பெண். போனை வைத்துவிட்டேன்.

எண்பத்தாறு. ஏன் டீயைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

ஆமாம், இதுதான். இதே டிஸ்க்தான். வேறு எது? அதைத்தான் முதலிலேயே சொன்னேனே, பழசுதான், ஆனால் குறை இல்லை என்று.

உட்காருங்கள் பாய். ஏன் எழுந்துவிட்டீர்கள்? நிறுத்தச் சொல்லி இப்போது என்ன பிரயோஜனம், தொண்ணூறு ஆகப் போகிறது. இந்த இடத்தில் நிறுத்தினால் டிஸ்க் உங்களுக்கும் ஆகாது, அவனுக்கும் ஆகாது. கூடுதலாக எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன், அப்படியே கொடுங்கள் என்கிறீர்கள். நீங்கள் வியாபாரி, காலி டிஸ்குக்குத்தான் விலை, அடுத்தவன் இருமலை வாங்கி என்ன செய்வீர்கள்? கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவா? அவன் உங்களுக்கு யார்? ஒரு காலத்தில் பஸ்ஸுக்குக் கூப்பிட்டான், அவ்வளவுதானே.

நான் யோசித்துத்தான் செய்கிறேன். இந்த எட்டு மாதமும் அதையேதான் யோசித்தேன். அழிந்துவிட்டது என்று தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அவன் பெண்டாட்டியிடமும் சொல்லியிருக்கிறேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது உறுத்திற்று. பொய் சொல்லிப் பழகாதவன் நான். மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், எனக்குள் அது ஒரு முள்ளாகக் கிடந்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அது பொய்யாக இருக்காது. ஆசீரிடம் நான் சொன்னது மெய்யாகிவிடும். பிறகு யார் கேட்டாலும் கண்ணைப் பார்த்துச் சொல்லலாம். எவ்வளவு நிம்மதி தெரியுமா அது?

தொண்ணூற்றேழு. பிளக்கில் கை வைக்காதீர்கள் பாய், மரியாதையாகச் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்பது.

நூறு. பார்த்தீர்களா. ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்தது. முழுக்கக் காலி. இனி எந்தக் கெட்டிக்காரன் தேடினாலும் கிடைக்காது. இருங்கள், பட்டியலையும் திறந்து காட்டுகிறேன், சொன்னது சொன்னபடி. ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணுங்கள். எங்காவது மஞ்சள் தெரிகிறதா?

வேண்டாமா? கம்ப்யூட்டரே வேண்டாமா? பேசி முடித்து, ஆட்டோவை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு இப்போது வேண்டாம் என்கிறீர்கள். நீங்களும் அவர்கள் மாதிரிதான். பரவாயில்லை, நாளைக்கே ஆள் வரும், இந்த நிலையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர் ஊரில் கிடையாது.

வந்ததற்கு இந்தப் பெட்டியையாவது கொண்டுபோங்கள், பிள்ளைகள் விளையாடட்டும். நல்ல உழைப்பு. பாருங்கள், 'தண்ணி' தேய்ந்து குழியே விழுந்துவிட்டது. 'அண்ணே' என்று ஒட்டின காகிதத்தில் எழுத்தே இல்லை. இந்தக் கடைசிப் பொத்தான் மட்டும், சிவப்புப் பொட்டு வைத்தது, அப்படியே புதுசு. பதின்மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் அமுக்கவில்லை.